ருக்மணி தேவி: றம்பொடையில் பிறந்து நாடெங்கும் ஒலித்த குரல்

கேகாலை மாவட்டத்தில், இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும் சூழ அமைந்த சிறு நகரம் புளத்கொகுபிட்டிய. இங்குள்ள கடைவீதியில் முஸ்லிம் வர்த்தகரின் கடைக்கு வரும் தோட்டத் தொழிலாளி தமிழில் பேசிச் சாமான் வாங்குவார்; அடுத்து வரும் கிராமத்து விவசாயி சிங்களத்தில் கணக்குக் கேட்பார்; கடைக்காரர் இருவருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்வார். கேகாலைக்கோ கரவனெல்லைக்கோ புறப்படும் பஸ் வண்டியில் ஏறி அமர்ந்தால் பழைய சிங்களப் பாடல்கள் ஒலிக்கும். அவற்றிடையே ஒரு பெண்ணின் குரல் வரும்போது மூன்று இனத்தவரும் சற்றுப் பேச்சைக் குறைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். மொழி விளங்காதவர்களுக்கும் அந்த மெட்டு மனப்பாடம்.

அக்குரலுக்குரியவர் ருக்மணி தேவி. முதலாவது சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி. இலங்கையின் இசைக்குயில் என்று போற்றப்பட்டவர். ஆயினும் அவர் தமிழ் வேர் கொண்ட கிறிஸ்தவக் குடும்பமொன்றில், மலையகத்தின் றம்பொடையில் பிறந்தவர் என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? சிங்கள மக்கள் அவரைத் தமது கலைஞராகவே கொண்டாடுகின்றனர், அதில் தவறேதுமில்லை. ஆனால் நாம் அவரை நமக்குத் தொடர்பற்ற ஒருவராக எண்ணி விலகி நிற்பது பொருத்தமாகாது. அவரது வாழ்க்கை, இந்நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கலையின் வரலாறு. ஒரு குரலை நேசித்த நாடு, அந்தக் குரலுக்குரியவரை எவ்வாறு நடத்தியது என்ற கேள்வியும் அந்த வரலாற்றினுள் அடங்கியிருக்கின்றது.

1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் றம்பொடையில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி டேனியல்ஸ். தந்தையார் தோட்டத்துறையில் தொழில் பார்த்தவர். அருவியும் பனிமூட்டமும் தேயிலை மலைகளும் நிறைந்த அந்த ஊரைக் கண்டி – நுவரெலியா வீதியில் பயணம் செய்த எவரும் மறக்கமாட்டார். எனினும் அவரது பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி கொழும்பு வெள்ளவத்தையிலேயே கழிந்தது. மலையில் பிறந்த குழந்தை கடலோரத்தில் வளர்ந்தது.

அவரது குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சார்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய வைசியர்களின் வழித்தோன்றல்களே கொழும்புச் செட்டிகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இவர்களுட் பலர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். பின்னர் ஆங்கிலக் கல்வி பெற்று அரச சேவையிலும் சட்டத் துறையிலும் எழுத்துத் துறையிலும் பெயர் பெற்றனர். தமிழ் வரலாற்றறிஞரும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலின் ஆசிரியருமான சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தவரே. இவ்வாறு தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் இடையே வாழ்ந்து பழகிய ஒரு சமூகத்தின் பிள்ளை, மொழி எல்லையைத் தாண்டிப் பாடியது வியப்பன்று. அந்த எல்லையைத் தாண்டிய பின்னரும் இரு கரையினராலும் நேசிக்கப்பட்டதே வியப்பு.

சிறுமியாக இருந்தபோதே பள்ளிக்கூட மேடையிலும் நத்தார் நிகழ்ச்சிகளிலும் அவரது நடிப்பும் பாட்டும் பெரியோரின் கவனத்தை ஈர்த்தன. 1930களின் நடுப்பகுதியில், இன்னமும் பதின்ம வயது கடவாத நிலையில், இராமாயண நாடகத்தில் சீதையாக வேடமேற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. டெய்சி என்ற பெயர் மறைந்து ருக்மணி தேவி என்ற மேடைப் பெயர் நிலைபெற்றது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்பிள்ளை, இந்து இதிகாசத்தின் நாயகியாக, சிங்கள மொழி மேடையில் தோன்றினாள். இதனை அன்று எவரும் பெரிய விடயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. கொழும்பு நகரின் நாடக மேடை அக்காலத்தில் அத்தகைய கலப்பைத் தனது இயல்பாகவே கொண்டிருந்தது. பார்சி நாடகக் குழுக்களும் தமிழ் நாடகக் கம்பனிகளும் வந்துபோன மேடை அது. அவற்றின் இசையையும் காட்சியமைப்பையும் உள்வாங்கியே சிங்கள நூர்த்தி நாடகங்கள் வளர்ந்தன.

நடிப்பைத் தொடர்ந்து இசைத்தட்டு வந்தது. 1930களின் இறுதியில் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக எச்.டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டருடன் இணைந்து அவர் பாடிய 'சிறி புத்தகயா விஹாரே' நாடெங்கும் புகழ்பெற்றது. புத்தகயாவைப் போற்றும் அந்தப் பக்திப் பாடல் இன்றும் பௌத்த இல்லங்களில் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றது. பாடியவர் அப்போது பதினாறு வயதை அண்மித்திருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்பிள்ளை. பக்தி என்பது பாடுபவரின் அடையாள அட்டையைப் பார்த்து வருவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அக்கால ஒலிப்பதிவு முறையை இன்றைய இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலே அடங்கும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் பாடி முடிக்கவேண்டும். ஓரிடத்தில் பிழைத்தால் முதலிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். வெட்டி ஒட்டுவதற்கு வழியில்லை. மேடையிலோ ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். ருக்மணி தேவியின் உச்சரிப்புத் தெளிவும், தயங்காது எழும் குரலும் இந்தப் பயிற்சியிலிருந்தே உருவாயின எனலாம்.

இக்காலத்தில் சிங்கள மேடையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது மினர்வா நாடகக் குழு. அதனை நடத்தியவர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன. அவரது சகோதரர் எடி ஜயமான்ன சிறந்த நகைச்சுவை நடிகர். நீர்கொழும்பைச் சேர்ந்த இக்குடும்பத்துடன் ருக்மணி தேவியின் கலை வாழ்வும் இல்லற வாழ்வும் ஒருங்கே இணைந்தன. எடி ஜயமான்னவை மணந்த அவர், இறுதிவரை நீர்கொழும்பையே தமது ஊராகக் கொண்டார்.

1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி இலங்கைச் சினிமா வரலாற்றில் நிலைத்துவிட்ட நாள். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' அன்று திரையிடப்பட்டது. முறிந்துபோன வாக்குறுதி என்பது அப்பெயரின் பொருள். மினர்வா குழுவினரின் மேடை நாடகமே திரைப்படமாகியது. கதாநாயகியாக நடித்து, தமது பாடல்களைத் தமது சொந்தக் குரலிலேயே பாடினார் ருக்மணி தேவி. அப்போது அவருக்கு வயது 24.

அந்தப் படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படப்பிடிப்பு நடைபெற்றது தமிழ்நாட்டு ஸ்டூடியோவில். இசையமைத்தவர் நாராயண ஐயர். இயக்கியவர் வங்காளத்தவரான ஜோதிஷ் சிங். அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாவது படமான 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முஹம்மத் கவுஸ் மாஸ்டர். அப்படத்தில் பாடியவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்து கொழும்பைத் தமது வாழ்விடமாக்கிக்கொண்ட மொஹிதீன் பேக். பின்னர் நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமியும், கொழும்பில் வாழ்ந்த எம்.கே. றொக்சாமியும் எண்ணற்ற சிங்களத் திரைப்பாடல்களுக்கு இசை தந்தனர். கே. குணரத்தினம் சினிமாஸ் நிறுவனத்தின் மூலம் படங்களைத் தயாரித்தும் திரையிட்டும் அத்துறையை வளர்த்தார். சிங்களச் சினிமாவின் தொட்டிலை ஆட்டிய கைகளுள் தமிழ்க் கைகளும் முஸ்லிம் கைகளும் இருந்தன என்பது மிகையுரையன்று.

இவர்களுள் மொஹிதீன் பேக் அவர்களை நாம் தனியே குறிப்பிட்டாக வேண்டும். தமது மார்க்கத்தில் உறுதியோடு வாழ்ந்து ஹஜ் கடமையையும் நிறைவேற்றிய அவர், பௌத்த பக்திப் பாடல்களாலும் சிங்கள மக்களின் உள்ளத்தில் இடம்பிடித்தவர். அவரும் ருக்மணி தேவியும் இணைந்து பாடிய காதல் பாடல்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வானொலியில் நேயர் விருப்பமாக ஒலித்து வந்துள்ளன. தமிழ்நாட்டு முஸ்லிம் ஒருவரும் தமிழ் வழிவந்த கிறிஸ்தவப் பெண்மணி ஒருவரும் ஒலிவாங்கியின் முன் நின்று சிங்களத்தில் காதலைப் பாட, அதனைச் சிங்களக் கிராமங்களின் இளைஞர் தம் காதலின் மொழியாக ஏற்றுக்கொண்டனர்.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் எழுதிச் சென்றால் நாம் உண்மைக்கு மாறாக நடந்தவர்களாவோம். முதலாவது சிங்களப் படம் வெளிவந்த மறுஆண்டில்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. புளத்கொகுபிட்டியவிலும் யட்டியந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறப்பர் பால் வெட்டிய, கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தொழிலாளரின் குடும்பங்கள் அச்சட்டத்தினால் நாடற்றவையாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த இசையை நாடு வரவேற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த உழைப்பாளியை அதே நாடு அந்நியராக்கியது. ஒரே கடலைக் கடந்து வந்தவை இரண்டும். பாட்டுக்குக் கிடைத்த குடியுரிமை பாடுபட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

இருந்தும் லயன் அறைகளில் அந்தப் பாட்டுக்குத் தடையிருக்கவில்லை. 1950களிலும் 60களிலும் இலங்கை வானொலி தெற்காசியா முழுவதும் செவிமடுக்கப்பட்டது. எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்காகத் தமிழ்நாட்டு மக்களே காத்திருந்த காலம் அது. தோட்டங்களில் எல்லா வீட்டிலும் வானொலிப் பெட்டி இருக்கவில்லை. கடையிலோ, வசதியுள்ள ஒரு வீட்டின் வாசலிலோ கூடி நின்று கேட்பதே வழக்கம். தமிழ்ச் சேவையில் திரைப்பாடல் முடிந்ததும் முள் நகரும். சிங்களச் சேவையில் ருக்மணி தேவியும் மொஹிதீன் பேக்கும் பாடிக்கொண்டிருப்பர். பல பாடல்கள் தமிழ், இந்திப் படங்களின் மெட்டுகளிலேயே அமைந்திருந்தமையால் மொழி தெரியாதவருக்கும் அவை அந்நியமாகத் தோன்றவில்லை. சிங்களத்தைப் பள்ளியில் படிக்காத நம் முன்னோர் பலர் அந்த மொழியின் இனிய சொற்களைக் கற்றுக்கொண்டது இப்பாடல்கள் வழியாகத்தான்.

இதே மெட்டுகளே பின்னர் விமர்சனத்துக்கும் உள்ளாயின. இந்தியப் பாடல்களின் நகலைக் கைவிட்டு, சிங்கள இசைக்கென ஒரு தனிவழி காணவேண்டுமென்ற குரல் சுனில் சாந்த போன்றோரால் எழுப்பப்பட்டது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளிவந்து, தென்னிந்திய ஸ்டூடியோவின் செயற்கையான காட்சிகளிலிருந்து சிங்களச் சினிமாவை உண்மையான கிராமத்துக்கு அழைத்துச் சென்றது. கலை நோக்கில் அது தேவையான மாற்றமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றம் வரும்போது முன்னைய காலத்தின் முகமாக இருந்தவர்களே முதலில் பழையவராகின்றனர். ஜயமான்ன பாணிப் படங்களின் செல்வாக்குக் குறையக் குறைய, அவற்றின் நாயகிக்கும் வாய்ப்புகள் அருகின. புதிய நடிகைகள் வந்தனர். லதா வல்பொல போன்ற பின்னணிப் பாடகிகள் வந்தனர். சொந்தக் குரலில் பாடி நடிக்கும் நடிகை என்ற வகையே மெல்ல மறைந்தது.

உலகின் பிற பகுதிகளிலும் மூத்த பாடகர்கள் இத்தகைய கட்டத்தைச் சந்திக்கின்றனர். ஆனால் அவர்களுக்கு ஒரு வழி திறந்திருப்பதைக் காண்கின்றோம். பிரிட்டனின் பொப் பாடகர் ரொட் ஸ்டுவேர்ட், புற்றுநோய்க்காகக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை பெற்று மீண்ட பின்னர், 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பழைய காதல் பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டாகப் பாடினார். அது பெருவெற்றி பெற்று வரிசையாகப் பல தொகுதிகளாக வளர்ந்தது. பிராங்க் சினாட்ரா தமது 77ஆவது வயதில், 1993இல், தாம் முன்னர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை இளைய பாடகர்களுடன் சேர்ந்து மீண்டும் பதிவு செய்தார். இந்தியாவில் லதா மங்கேஷ்கர் 1992இல் வெளியிட்ட 'சிரத்தாஞ்சலி' தொகுப்பில், மறைந்த பாடகர்களின் பாடல்களைத் தமது குரலில் பாடி அவர்களுக்கு அஞ்சலி செய்தார். மூத்த குரலுக்கும் பழைய பாட்டுக்கும் அங்கெல்லாம் சந்தை இருந்தது. உரிமைப் பணம் இருந்தது. அவற்றை ஏற்பாடு செய்ய நிறுவனங்களும் இருந்தன.

ருக்மணி தேவிக்கும் இத்தகைய ஒரு மறுவருகை நிகழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன என்ற இளைஞர் 'மூன்ஸ்டோன்ஸ்' என்ற இசைக்குழுவின் மூலம் மின்சார கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டுவந்திருந்தார். கல்லூரி மாணவர் முதல் கடைச் சிப்பந்தி வரை அவரது மெட்டுகளை முணுமுணுத்த காலம் அது. தம்மைவிட இருபது வயது மூத்த ருக்மணி தேவிக்காக 1970களில் அவர் அமைத்துக் கொடுத்த பாடல் 'மல்பர ஹிமிதிரியே'. மலர்கள் நிறைந்த வைகறை என்பது அத்தலைப்பின் பொருள். ஐம்பது வயதை எட்டிய ஒரு பெண்மணி, பொப் இசையின் தாளத்தில், விடியற்காலைக் காதலைப் பாடினார். அப்பாடல் இளைஞரையும் முதியோரையும் ஒருசேரக் கவர்ந்தது.

அதன் வெற்றிக்குக் காரணம் பழம்பெருமை மட்டுமன்று என்பதே நமது எண்ணம். இளவயதில் பாடப்படும் காதல் பாடல் எதிர்பார்ப்பைச் சொல்கின்றது. வாழ்ந்து களைத்த குரல் அதே காதலைப் பாடும்போது, எதிர்பார்ப்பின் இடத்தில் நினைவு வந்து அமர்கின்றது. உச்ச ஸ்தாயியின் பளபளப்பு சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு வாழ்க்கை நிற்கின்றது. ருக்மணி தேவியின் முதிர்ந்த காலக் குரலில் அந்த நிறைவு இருந்தது. கிற்றாரும் டிரம்ஸும் புதியவை. உச்சரிப்போ மினர்வா மேடையில் பழகிய அதே உச்சரிப்பு. பழையதும் புதியதும் ஒன்றையொன்று கெடுக்காமல் இணைந்த அரிய தருணம் அது.

அப்பாடல் வானொலியில் ஒலித்த அதே ஆண்டுகளில் நமது தோட்டங்களில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கப்படவும் இணக்கம் காணப்பட்டிருந்தது. 1970களில் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட ரயில்களில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1973, 74 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் தள்ளியது. பிரிந்து சென்றோர் தகரப் பெட்டிகளில் துணிமணிகளைக் கொண்டு சென்றனர். மனத்தில் சில பாட்டுகளையும் கொண்டு சென்றனர். அவற்றுள் சிங்களப் பாட்டுகளும் இருந்தன. இலங்கை வானொலியைத் தேடித் தேடி முள்ளைத் திருப்பிய வழக்கம் நீலகிரியில் குடியேறிய நம் உறவினரிடையே நெடுங்காலம் நிலைத்திருந்தது.

ருக்மணி தேவியின் மறுவருகைக்குப் புகழ் கிடைத்தது, ஓய்வு கிடைக்கவில்லை. அக்கால இலங்கையில் பாடகருக்கு உரிமைப் பணம் முறையாகச் சென்றடையும் ஏற்பாடு வலுவாக இருக்கவில்லை. ஒரு பாடல் ஆயிரம் தடவை ஒலித்தாலும் பாடியவரின் வாழ்க்கைச் செலவுக்கு அது உதவியதில்லை. எனவே கலைஞர்கள் மேடைகளையே நம்பினர். ஊருக்கு ஊர் களியாட்ட விழா, விளையாட்டு மைதானத்தில் இசை நிகழ்ச்சி, இரவிரவாகப் பயணம் என்பதே அவர்களது வாழ்க்கையாயிற்று. ஐம்பது வயது கடந்த ருக்மணி தேவியும் அவ்வாறே ஊர் ஊராகச் சென்று பாடினார். இடையே திரைப்படத்தையும் அவர் கைவிடவில்லை. 1978ஆம் ஆண்டின் 'அஹசின் பொலவட்ட' படத்தில் அவரைக் குணச்சித்திர வேடத்தில் நடிக்க வைத்தவர், 'ரேகாவ' மூலம் ஜயமான்ன காலத்துக்கு முடிவுரை எழுதிய அதே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்தான். காலம் தந்த ஒரு சமரசமாக அதனைக் கருதலாம்.

அந்த ஆண்டே அவரது இறுதி ஆண்டுமாயிற்று. மாத்தறையில் நடைபெற்ற இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு நீர்கொழும்பு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். மாத்தறையிலிருந்து நீர்கொழும்பு வரையிலான பயணம் அக்காலத்து வீதிகளில் ஓர் இரவையே விழுங்கிவிடக்கூடியது. வீட்டை அடைவதற்குச் சிறிது தூரமே எஞ்சியிருக்க, ஜா-எலவுக்கு அருகிலுள்ள துடல்லையில் அவர் பயணம் செய்த வாகனம் விபத்துக்குள்ளானது. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, தமது 55ஆவது வயதில் ருக்மணி தேவி காலமானார். அவரது இறுதி ஊர்வலத்தில் நீர்கொழும்பு மக்கள் வெள்ளத்தில் மூழ்கியது. உயிரோடிருந்தபோது இரவுப் பயணத்தைத் தவிர்த்து வீட்டில் இருக்க வகை செய்யாத நாடு, மறைந்த பின்னர் கண்ணீரால் கடனைத் தீர்க்க முயன்றது.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றுமோர் இழப்பு நிகழ்ந்தது. 1983 ஜூலை வன்செயலில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாக்கப்பட்டது. தமிழருக்குச் சொந்தமானது என்ற ஒரே காரணத்துக்காக அது எரிக்கப்பட்டது. எரிந்து சாம்பலானவையோ சிங்களத் திரைப்படங்களின் மூலப்பிரதிகள். தமிழரைத் தண்டிப்பதாக எண்ணித் தீ வைத்தவர்கள், தமது சொந்த மொழியின் சினிமா வரலாற்றையே எரித்தனர். ருக்மணி தேவியின் வாழ்க்கையைப் படிப்போருக்கு இந்தத் தீயின் பொருள் விளங்கும். கலையில் இன்னது உன்னுடையது, இன்னது என்னுடையது என்று கோடு கிழிக்க இயலாது. கிழிக்க முற்பட்டால் இரு பக்கமும் அழியும்.

சப்ரகமுவ தோட்டங்களில் வாழும் நமக்கு அத்தீயின் அனல் தெரியாததன்று. 1977இலும் 1983இலும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் லயன்களிலிருந்து வெளியேறி வடக்கே வவுனியா வரை சென்ற குடும்பங்கள் பல. சென்றவர்களுள் சிலர் திரும்பி வந்தனர். அதே மண்ணில், அதே கடைவீதியில், அதே அயலவருடன் மீண்டும் வாழப் பழகினர். அச்சத்துக்குப் பின் அவ்வாறு வாழ்வதற்குத் துணிவு வேண்டும். அயலவரோடு பகிர்ந்துகொள்ள ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்கவும் வேண்டும். பஸ் வண்டியில் ஒலிக்கும் பழைய பாட்டு அத்தகைய சிறிய எச்சங்களுள் ஒன்று. பாட்டு இனக்கலவரத்தைத் தடுக்குமென்று நாம் கூறவரவில்லை. தடுக்கவில்லை என்பதே வரலாறு. ஆனால் கலவரத்துக்குப் பின்னரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்குவதற்கு, சேர்ந்து கேட்ட ஒன்று உதவுகின்றது.

ஆகவே இக்கலைஞரின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, மூத்த கலைஞர்களின் வாழ்வாதாரம். மறைந்த பின் எழுப்பப்படும் சிலையும் நினைவு விழாவும் வாழ்ந்தோருக்கு உதவுவதில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஒரு பாடல் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு தடவையும் பாடியவருக்கும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பங்கு சென்றடையவேண்டும். இது சிங்களக் கலைஞருக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. நமது மெல்லிசைப் பாடகர்கள், இஸ்லாமிய கீதம் பாடியோர், தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடி முதுமையடைந்த கலைஞர்கள் ஆகிய எல்லோருக்கும் உரியது.

இரண்டாவது, நினைவைப் பேணுதல். பழைய இசைத்தட்டுகளும் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் ஈரலிப்பான நமது காலநிலையில் விரைந்து அழிகின்றன. கேகாலை போன்ற மழை மிகுந்த மாவட்டங்களில் பெட்டியில் வைத்த ஒலிநாடா சில ஆண்டுகளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். வீடுகளில் எஞ்சியிருப்பவற்றைத் திரட்டி, முறையாகப் படியெடுத்துக் காப்பது அரசினதும் பல்கலைக்கழகங்களினதும் கடமை. அப்பணியில் தமிழ், முஸ்லிம் கலைஞர்களின் பங்களிப்புப் பெயருடன் பதிவு செய்யப்படவேண்டும். நாயகமும் கவுஸ் மாஸ்டரும் முத்துசாமியும் மொஹிதீன் பேக்கும் ருக்மணி தேவியும் யார் என்பதை நமது பாடசாலைப் பிள்ளைகள் அறிந்திருந்தால், இந்த நாட்டின் கலையில் தமக்கும் பங்குண்டு என்ற எண்ணத்துடன் அவர்கள் வளர்வர். சிங்களப் பிள்ளைகளும் அறிந்திருந்தால், தாம் நேசிக்கும் பாட்டு எத்தனை கைகளால் உருவானது என்பதை உணர்வர்.

புளத்கொகுபிட்டியவில் இறப்பர் பால் வெட்டுவோர் இருள் பிரியுமுன்னரே மலையேறுகின்றனர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அந்த வேளையில் எங்கோ ஒரு வீட்டு வானொலியிலிருந்து 'மல்பர ஹிமிதிரியே' கேட்பதுண்டு. வைகறையைப் பாடிய அந்தப் பெண்மணி, இரவுப் பயணத்தில் உயிரிழந்தவர் என்பதை இனி அப்பாடலைக் கேட்போர் நினைவில் கொள்ளட்டும். றம்பொடை மலையில் பிறந்த ஒரு பிள்ளையின் குரல் அது. அதனை நமதென்று உரிமை கொண்டாட நமக்குத் தகுதியுண்டு. அதற்கு முன், அத்தகைய குரல்கள் இனியாவது உழைத்த பின் இளைப்பாறும் நிலையை உருவாக்குவது நம் எல்லோரதும் கடமையாகும்.